மணல் காட்டிக்கொடுக்காத கசிவு: டர்பன் ஓவர்போர்ட்டில் ஒரு கோய்க் குளத்தின் நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரியா மேட்டில், ஓவர்போர்ட் பகுதி வீடு ஒன்றின் பின்தோட்டத்தில், கோய் என்னும் வண்ணக் கெண்டை மீன்கள் வளரும் குளம் இது. கான்கிரீட் பிளாக் சுவர், உள்ளே சிமெண்டுப் பூச்சு, தரையில் கம்பி கட்டிய கான்கிரீட். நீர்ப்பரப்பு 21 சதுர மீட்டர், ஆழம் 1.4 மீட்டர், கொள்ளளவு சுமார் 27,000 லிட்டர். குளத்தின் அடிவடிகாலிலிருந்து 110 மி.மீ. பிவிசி பைப் ஒன்று மண்ணுக்குள் ஓடி, பக்கத்திலேயே தாழக் கட்டிய ஃபில்டர் தொட்டிக்கு வருகிறது. மேற்பரப்புக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் பைப் நீர்மட்டத்துக்குச் சுமார் ஓர் அடி கீழே சுவரைத் துளைத்து வெளியேறி, அதே தொட்டிக்கு வருகிறது. வடிகட்டிய நீரை பம்ப் மேலே தள்ள, கல் அடுக்கிய சிறு அருவி வழியாகக் குளத்துக்குத் திரும்புகிறது. தொட்டியின் கடைசி அறையில் ஒரு மிதவை வால்வு. மட்டம் குறைந்தால் நகராட்சித் தண்ணீர் தானாக உள்ளே வரும்.

வீட்டுக்குரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தெருவில் எல்லாரும் ஆயா என்றே கூப்பிடுகிறார்கள், நாங்களும் அப்படியே. 2023 குளிர்காலத்தில், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தில், குளக் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் எங்களை ஆயா அழைத்தபோது குளம் பார்ப்பதற்கு நிறைகுளமாகத்தான் இருந்தது. குறை தண்ணீர் பில்லில். மாதம் முப்பது கிலோலிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, கணக்கில் வராத தண்ணீர். டர்பனில் பயன்பாடு கூடக் கூடக் கிலோலிட்டர் விலையும் ஏறும் என்பதால், வீட்டுச் செலவுக்கு மேல் போகும் தண்ணீர் எல்லாமே விலை கூடிய படியில்தான் விழும்.

மிதவை வால்வைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குளம் வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய வசதி. கசிவுக்கு அதைவிடப் பெரிய வசதி. மட்டம் இறங்கினால்தானே வீட்டார் கவனிப்பார்கள்? வால்வு இறங்கவே விடுவதில்லை. இந்தக் குளம் பல வருடம் கசிந்தும் ஒரு விரற்கடை குறைந்ததை யாரும் பார்த்ததில்லை.

எங்களுக்கு முன் ஒரு ஒப்பந்தக்காரர் வந்து போயிருந்தார். ஆயாவின் பேரன் ஒரு விஷயத்தைக் கூர்மையாகக் கவனித்து அவரிடம் சொல்லியிருக்கிறான்: லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு வந்து பம்ப் நின்றால், வாசல் மீட்டரின் சிறு சக்கரமும் நின்றுவிடுகிறது; மின்சாரம் வந்ததும் மறுபடி சுற்றுகிறது. பம்ப் ஓடும்போது மட்டும்தான் கசிவு, ஆகவே அருவியில்தான் கோளாறு என்று அவர் முடிவுகட்டி, கல்லிடுக்குகளில் சிலிக்கோன் பூசிவிட்டுப் போனார். பில் அசையவில்லை. அடுத்து அவர் சொன்ன யோசனை, குளத்தை முழுக்கக் காலிசெய்து உட்புறம் முழுவதும் ஃபைபர்கிளாஸ் போடுவது.

பேரன் பார்த்தது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. பம்ப் ஓடும்போது ஃபில்டர் தொட்டியின் கடைசி அறையில் நீர்மட்டம் குளத்தைவிடச் சில சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கும். பைப்பிலும் வடிகட்டியிலும் உள்ள தடையால் வரும் வித்தியாசம் அது. மிதவையும் அந்தத் தாழ்ந்த மட்டத்துக்கே வைக்கப்பட்டிருக்கும். பம்ப் நின்றதும் குளத்து நீர் தொட்டிக்குள் பாய்ந்து இரண்டும் சமமாகும். மிதவை மேலேறி வால்வை மூடிவிடும். கசிவு நின்றதால் மீட்டர் நிற்கவில்லை, வால்வு மூடியதால் நின்றது. கசிந்த நீர் மிதவையை மறுபடி இறக்குவதற்குள் மின்சாரம் திரும்பிவிடுகிறது. மீட்டரை வைத்துக் குளத்தின் கசிவை அறிய வேண்டுமென்றால் முதலில் இந்த வால்வைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும்.

மண் ஏன் நனையவில்லை

ஆயா கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி. “தம்பி, இம்புட்டுத் தண்ணி எங்கயாச்சும் போவணுமே? மண்ணு ஒரு இடத்துலயும் நனையலையே?”

பெரியா மேடு முழுக்கப் பழைய கடற்கரை மணற்குன்று. நெடுங்காலம் மழையில் ஊறி, அதிலிருந்த இரும்புத் தாதுக்கள் துருவேறிச் சிவந்த மணல். இங்கே கட்டட வேலை செய்கிற எல்லாரும் பெரியா சிவப்பு மணல் என்றே சொல்வார்கள். மணிகளின் மேல் மெல்லிய களிமண் உறையும் இரும்புத் துருவும் ஒட்டியிருப்பதால், காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். தண்ணீரைப் பொறுத்தவரை அது மணலேதான், ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே போகும். களிமண் நிலத்தில் இந்த அளவு கசிவு இருந்தால் ஒரு வாரத்தில் புல் பச்சை பிடித்து, செருப்பு புதைந்து இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே நாளுக்கு முக்கால் டன் தண்ணீரை நேராகக் கீழே விட்டுவிட்டு மேல்மண் பொடிப்பொடியாகக் கிடக்கிறது. ஈரத்தைத் தேடித் தோட்டத்தைச் சுற்றி வருவதில் இந்த ஊரில் பயனில்லை.

இந்த மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. இந்த வழக்கின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. எடை தாங்கி நிற்கும் நிலையில் ஊற நனைந்தால், மணிகளைப் பிணைத்திருக்கும் களிமண் பாலம் தளர்ந்து, உள்ளிருக்கும் வெற்றிடங்கள் சரிந்து, மண் திடீரென்று உட்காரும். டர்பனில் அஸ்திவாரப் பக்கம் தண்ணீர் தேங்கவிடக் கூடாது என்று பொறியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். கசியும் குளம் தன் காலடியைத் தானே கரைத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அளவு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். குளக் கசிவுக்கு இந்த ஒரு வாய்ப்பாடு போதும். குளமும் தொட்டியும் சேர்ந்து இங்கே 24 சதுர மீட்டர்; ஆகவே மட்டம் ஒரு மி.மீ. இறங்கினால் 24 லிட்டர் போயிற்று என்று பொருள்.

அலையாடும் நீரில் மில்லிமீட்டர் படிக்க முடியாது. கீழே சிறு துளையிட்ட பிவிசி பைப் துண்டு ஒன்றைக் குளத்துச் சுவரோடு நிறுத்தி, அதற்குள் ஸ்டீல் ஸ்கேல் பொருத்தினோம். பைப்புக்குள் நீர் அசையாமல் நிற்கும். ஆவியாதலுக்கு ஒரு பக்கெட்: முக்கால் நிரப்பி, குளத்துப் படிக்கட்டில் கல்லோடு கட்டி, வெளியிலும் உள்ளேயும் நீர் ஒரே மட்டத்தில், ஒரே சூட்டில் இருக்கும்படி வைத்தோம். தரையில் வெயிலில் வைத்த பக்கெட் பொய் சொல்லும். இங்கே குளிர்காலத்தில் மழை அரிது என்பதால் இந்தச் சோதனைக்கு ஆடி ஆவணி நல்ல காலம்; ஆனால் உள்நாட்டிலிருந்து இறங்கும் சூடான பெர்க் காற்று எழும் நாட்களில் ஆவியாதல் எகிறும். அப்படிப்பட்ட ஒரு நாளில் பக்கெட் 4 மி.மீ.க்குப் பதிலாக 7 காட்டியது. அந்த நாளின் எண்களை ஒதுக்கிவிட்டோம். பக்கெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு அதே எண்ணை எல்லா நாளுக்கும் கழிப்பவர்கள், காற்றடித்த நாளில் இல்லாத கசிவு ஒன்றைக் கண்டுபிடிப்பார்கள்.

மிதவை வால்வை அடைத்தாயிற்று. பம்ப் ஓட, 24 மணி நேரத்தில் மட்டம் 38 மி.மீ. இறங்கியது: 912 லிட்டர். பில்லில் காணாமல்போன தண்ணீரோடு இது ஒத்துப்போகிறது. பிறகு பம்பை நிறுத்தி, மீனுக்குக் காற்று பம்பை மட்டும் பேட்டரியில் ஓடவிட்டுப் பார்த்ததில் 29 மி.மீ. ஆக, அருவி ஓடுவதால் போவது 9 மி.மீ., அதாவது 216 லிட்டர். முந்தைய ஒப்பந்தக்காரர் கைவைத்த இடத்தில் உண்மையிலேயே கோளாறு இருந்தது. ஆனால் அது மொத்த இழப்பில் கால் பங்குகூட இல்லை.

மீதி 29 மி.மீ. நின்ற நீரில் போவது. குளமா, தொட்டியா, இரண்டையும் இணைக்கும் பைப்பா? குளத்தின் அடிவடிகாலில் விரியும் ரப்பர் பிளக் போட்டு இரண்டையும் பிரிக்க வேண்டும். இதற்கு நீருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஜூலை மாதத்து டர்பன் குளத்து நீர் எலும்பைத் தொடும். ஸ்கிம்மர் பைப்பின் தொட்டிப்பக்க முனையையும் அடைத்தோம். பிரித்தபின் குளம் தனியாக நாளுக்கு 24 மி.மீ. இறங்கியது. 21 சதுர மீட்டருக்கு 504 லிட்டர். ஆவியான 84ஐக் கழித்தால் 420 லிட்டர் கசிவு. தொட்டிப் பக்கம் கசிவு 180 லிட்டர் என்று வந்தது. கூட்டிப் பாருங்கள்: ஆவி 96, குளம் 420, தொட்டிப் பக்கம் 180, அருவி 216. மொத்தம் 912. இப்படிக் கணக்கு அடைபடாத வரையில் கடப்பாரையை வண்டியிலிருந்து இறக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம்.

ஒரு கசிவைத் தேடிப் போனால் மூன்று. ஃபைபர்கிளாஸ் போட்டிருந்தால் 420 லிட்டரை ஒருவேளை நிறுத்தியிருக்கும், மற்ற இரண்டும் தொடர்ந்திருக்கும்.

குளத்துக் கசிவின் உயரம்

கசியும் குளத்தை அப்படியே விட்டால் கசிவு இருக்கும் உயரத்துக்கு வந்து மட்டம் நின்றுவிடும், அங்கே ஓட்டையைத் தேடு என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியான வழிதான். ஆனால் ஓட்டையின் மேலுள்ள நீர் குறையக் குறையக் கசிவும் தளர்வதால், இந்த வேகத்தில் அது நிற்க மாதக்கணக்காகும். அதற்குப் பதில் நாமே பம்ப் வைத்துப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் நிறுத்தி அளக்கலாம்.

நிறை மட்டத்தில் 24 மி.மீ. 100 மி.மீ. இறக்கியபின் 21. 200 இறக்கியபின் 16. 300இல் 8. 340இல் 4, அதாவது பக்கெட்டும் குளமும் ஒன்று. ஆகவே கசிவு நிறை மட்டத்திலிருந்து சுமார் 320 மி.மீ. கீழே. அதற்குக் கீழே சுவரும் தரையும் நன்றாகவே இருக்கின்றன.

இந்த எண்களிலிருந்து இன்னொன்றும் கிடைக்கும். ஆவியைக் கழித்தால் கசிவு மட்டும் 20, 17, 12, 4 என்று போகிறது. பூச்சு முழுக்க நுண்ணிய துளைகள் வழியே ஊறினால், கசிவு நீர் உயரத்துக்கு நேர்விகிதத்தில் குறையும். அப்போது 20, 14, 7 என்று வேகமாக விழுந்திருக்க வேண்டும். திறந்த இடைவெளி வழியே ஓடினால் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும் என்பது 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்டது. நம் எண்கள் வர்க்கமூலத்தின் பக்கம் நிற்கின்றன. ஊறல் இல்லை, இடைவெளி. 320 மி.மீ. ஆழத்தில் இருக்கும் ஒரே இடைவெளி வாய்ப்பு, சுவரைத் துளைத்துப் போகும் ஸ்கிம்மர் பைப். மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி, நீர் அசையாமல் இருக்கும் காலை நேரத்தில், ஊசியில்லாத சிரிஞ்சில் பால் எடுத்துப் பைப்பைச் சுற்றி மெல்ல விட்டோம். மேலேயும் வலப்புறமும் பால் மேகமாகத் தொங்கியது. இடது கீழ்மூலையில் நூல் போல இழுபட்டுச் சுவருக்குள் போயிற்று.

பிவிசியும் சிமெண்டும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. சிமெண்டு இறுகும்போது சுருங்கும். வழவழப்பான பைப்பைச் சுற்றி மயிரிழை இடைவெளி விழும். சுவருக்குள் நிற்கும் பகுதியில் தடுப்பு வளையமோ, நீர் பட்டால் வீங்கும் ரப்பர் பட்டையோ வைத்துக் கட்டியிருந்தால் அந்த இழை அடைபட்டிருக்கும். இங்கே வெறும் பைப்பை வைத்துக் கலவை அடைத்திருக்கிறார்கள். கட்டும்போது மிச்சமானது சொற்பக் காசு.

இறக்கிய தண்ணீர் எட்டாயிரம் லிட்டருக்கு மேல். மீன் கழிவு கலந்த நீர் செடிக்கு நல்லது என்று ஆயா அதைக் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் விடச் சொன்னார். அவை வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கின்றன. இந்த மண்ணில் அங்கே அவ்வளவு தண்ணீர் விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. தோட்டத்தின் தாழ்ந்த கோடியிலுள்ள வாழைகளுக்குப் பல தவணையாகப் பாய்ச்சினோம். நீர்மட்டம் ஒரு மீட்டருக்குமேல் இருந்ததால் மீன்களை மாற்றவில்லை. வடிகட்டி நின்றிருந்த நாட்களில் தீனியை நிறுத்தினோம். குளிரில் கோய் எப்படியும் அதிகம் தின்னாது.

பைப்

தொட்டிப் பக்கத்து 180 லிட்டருக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு. அடிவடிகால் பைப் தொட்டியில் திறக்கும் வாயில், அதே அளவு ஸ்டாண்ட் பைப் ஒன்றைச் செருகி, குளத்து மட்டம் வரை உயர்த்தினோம். இப்போது தொட்டி தனி, பைப் தனி. தொட்டியில் மட்டம் பக்கெட்டோடு சேர்ந்து 4 மி.மீ. இறங்கியது, தொட்டி சுத்தம். ஸ்டாண்ட் பைப்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பிய உடனே இறங்கத் தொடங்கி, பத்து நிமிடத்தில் 14 செ.மீ. போயிற்று. 110 மி.மீ. பைப்பில் ஒரு லிட்டர் என்பது ஏறக்குறைய 12 செ.மீ. உயரம், அகலமான தொட்டியில் ஒரு நாள் காத்திருந்து பார்க்க வேண்டிய கசிவு, ஒடுக்கமான குழாயில் தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடுகிறது.

பைப் என்று தெரிந்தபின் எந்த இடம் என்பதற்குச் சாக்கடை கேமராவை வாடகைக்கு எடுத்தோம். தொட்டிச் சுவரிலிருந்து 400 மி.மீ. தள்ளியிருந்த இணைப்பின் மேல்பாதியில் பிறை வடிவ விரிசல். அதற்கப்பால் குளம் வரை பைப் வழவழவென்று இருந்தது.

நல்ல பசை போட்டு இணைத்த பிவிசி தானாக உடைவதில்லை. டியூப் லெவல், அதாவது மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய், வைத்துத் தொட்டியின் ஓட்டு விளிம்பைப் பார்த்தோம். கட்டும்போது மட்டமாக வைத்த விளிம்பு, குளத்தைப் பார்த்த பக்கம் 14 மி.மீ. தாழ்ந்திருந்தது. தொட்டி உட்கார்ந்திருக்கிறது, குளம் உட்காரவில்லை, இரண்டுக்கும் நடுவே வளையத் தெரியாத பைப் ஒன்று மாட்டிக்கொண்டு வெடித்திருக்கிறது.

தோண்டியபோது

தோண்டியது ஒரே குழி, ஸ்கிம்மர் பைப்புக்கும் தொட்டிக்கும் நடுவில். காய்ந்த சிவப்பு மணல் செங்குத்தாக நிற்பதைப் பார்த்துப் பலகை முட்டுக் கொடுக்காமல் இறங்குவது இந்த ஊரில் ஆளைக் கொல்லும் பழக்கம். கசிவுப் பக்கத்தில் மண் நனைந்திருக்கும், சொல்லாமல் சரியும். முட்டுக் கொடுத்தே இறங்கினோம். மேலே அரை மீட்டர் வரை தூசி. அதற்குக் கீழே, ஸ்கிம்மர் பைப்புக்கு நேர் அடியில், மண் கருஞ்சிவப்பாகச் சொதசொதத்து ஒரு தூணாக நேரே கீழே இறங்கியிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணா வேலியோரம் நின்று, ஆரம்பம் முதலே ஒரே குற்றவாளியைக் காட்டிக்கொண்டிருந்தார்: வேலியில் நிற்கும் நேட்டால் அத்தி. “அந்த மரத்தை வெட்டினா எல்லாம் சரியாப் போயிடும். வேரு கான்கிரீட்டையே பொளக்கும்.” அத்தி வேரைப் பற்றிய அச்சம் பொதுவாக நியாயமானதே. குழியில் வேர் இருக்கவும் செய்தது, விரல் தடிமனில், ஈரத் தூணைச் சுற்றிப் பின்னலாக. ஆனால் குளத்துச் சுவரில் எங்கும் வேர் புகவில்லை. பைப் துளையின் வெளிப்பக்கம் வரை வந்து, அங்கே சொட்டும் நீரைக் குடித்துக்கொண்டு நின்றது. ஓட்டை போட்டது மரம் இல்லை. ஓட்டை இருந்த இடத்துக்கு மரம் வந்திருக்கிறது. மரத்தை வெட்டியிருந்தால் கசிவு அப்படியே இருக்க, வேர் குடித்துக்கொண்டிருந்த பங்கும் மண்ணுக்கே போயிருக்கும்.

இரண்டு கசிவுகளில் எது மூத்தது என்பதற்கும் குழியிலேயே சான்று கிடைத்தது. ஸ்கிம்மர் பைப்பின் வெளிப்பக்கம் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகத் தடித்துப் படிந்திருந்தது. சிமெண்டிலிருந்து கரைந்த சுண்ணாம்பு வெளியே வந்து காற்றுபட்டு இப்படிப் படிய வருடங்கள் வேண்டும். உடைந்த இணைப்பிலோ படிவு எதுவும் இல்லை, விளிம்பு புதிதாகக் கூராக இருந்தது, அதைச் சுற்றி இளவேர் மயிர்கள் மட்டும். ஆயா ஆசிரியை ஆயிற்றே, பழைய தண்ணீர் பில்கள் எல்லாம் கோப்பில் வரிசையாக இருந்தன. பல வருடம் மெல்ல மெல்ல ஏறிய பயன்பாடு, 2022 ஏப்ரலுக்குப் பின் ஒரு படி தாவியிருந்தது. அந்த ஏப்ரல் 11, 12 தேதிகளில், டர்பன் இருக்கும் குவாசுலு நேட்டால் மாகாணத்தில் நானூறு பேருக்குமேல் பலிகொண்ட வெள்ளம். டர்பன் சுற்றுவட்டாரத்தில் ஒரே நாளில் 300 மி.மீ. தாண்டிப் பெய்த இடங்கள் உண்டு.

ஆகவே நடந்தது இப்படி என்பது எங்கள் முடிவு. பைப் துளையில் தொடக்கத்திலிருந்தே இருந்த மயிரிழை, வருடக்கணக்கில் தொட்டியின் குளப்பக்க அடிமண்ணை நனைத்துத் தளர்த்திவைத்தது. 2022 மழையில், கூரைத் தண்ணீர்க் குழாயும் தொட்டி ஓரத்திலேயே கொட்டிக்கொண்டிருக்க, அந்த மண் உட்கார்ந்தது. தொட்டி சாய்ந்தது, பைப் உடைந்தது. அருவியின் முகப்புக் கல் தொட்டிச் சுவரின்மேல்தான் அமர்ந்திருக்கிறது; தொட்டி சாய்ந்ததும் அதுவும் பின்பக்கம் சாய்ந்து, நீரின் ஒரு பங்கைக் கல்லுக்குப் பின்னால் அனுப்பத் தொடங்கியது. தனித்தனியாகத் தெரிந்த மூன்று கசிவுகளும் ஒரே வம்சம்.

பழுதுபார்ப்பு

முறை இதனால் தானாக முடிவாயிற்று: முதலில் மூத்த கசிவு, பிறகு மண், அதன்பின் பைப், கடைசியில் அருவி. மண்ணைச் சரிசெய்யாமல் பைப்பை மாற்றினால் அதே இடத்தில் மறுபடி உடையும்.

ஸ்கிம்மர் பைப்பைச் சுற்றி உள்ளிருந்து 40 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம் வெட்டினோம். ஓரம் சரிவாக இல்லாமல், உள்ளே போகப் போக அகலமாக இருக்கும்படி வெட்டினால் அடைத்த கலவை பிடுங்கிக்கொண்டு வராது. பைப்பை உப்புத்தாளால் தேய்த்து, எபாக்சிப் பிசின் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவினோம். இப்போது கலவைக்குப் பிடிக்க ஒரு சொரசொரப்பு கிடைத்தது. ஆழத்தில் வீங்கும் பட்டை ஒரு சுற்று, மேலே, இறுகும்போது சுருங்காத கிரவுட் கலவை. அதன்மேல் வலை வைத்து இரண்டு பூச்சு நெகிழ்சிமெண்டு. டப்பாவில் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை மட்டும்தான் மீன் குளத்தில் பயன்படுத்தலாம், மொட்டைமாடிக்கு அடிக்கும் தார்ப்பூச்சை அல்ல. சிலிக்கோனைப் பற்றியும் கேட்டார்கள். எப்போதும் நீரில் ஊறும் சிமெண்டில் அது நீடித்துப் பிடிக்காது. அருவியில் பூசியது கைபட்டதும் பட்டையாக உரிந்து வந்தது.

புதுச் சிமெண்டு நீரின் காரத்தன்மையைத் தூக்கிவிடும். பூச்சு காயும்வரை மட்டத்தைக் கீழேயே வைத்து, தெளித்துக் கழுவிய நீரை வாளியில் பிடித்து வெளியே கொட்டினோம். நிரப்பும்போது நாள்தோறும் பிஎச் பார்த்தோம், 8.5ஐத் தாண்டினால் நிறுத்துவதாக ஏற்பாடு, தாண்டவில்லை. கசிவு நாட்களில் வால்வு வழியே சொட்டுச் சொட்டாக வந்த குழாய் நீரின் குளோரின் பெருநீரில் கரைந்து போய்விட்டது. எட்டாயிரம் லிட்டரை மொத்தமாக விட்டால் அப்படிப் போகாது, மீனின் செவுள் வெந்துவிடும். குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் கரைத்துவிட்டு, மெதுவாகவே நிரப்பினோம்.

குழியில் தளர்ந்த மண்ணை எல்லாம் அள்ளியெடுத்து, அதே சிவப்பு மணலில் சிமெண்டு கலந்து, 150 மி.மீ. கனமுள்ள அடுக்குகளாக இடித்து நிரப்பினோம். தொட்டியை நிமிர்த்த முயலவில்லை. 14 மி.மீ. சாய்வு அதன் வேலையைக் கெடுக்காது. தூக்கப் போனால் நல்ல பக்கமும் விரியும். உடைந்த இணைப்பை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் குட்டையான பைப் துண்டு ஒன்றை இரு முனையிலும் ரப்பர் கப்ளிங், ஸ்டெயின்லெஸ் பட்டி போட்டு மாட்டினோம். இனி தொட்டி இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் அந்தத் துண்டு ஊஞ்சலாடிக் கொடுக்கும், உடையாது. கூரைத் தண்ணீர்க் குழாயை நீட்டித் தெருக்கால்வாய்க்குக் கொண்டுபோனோம். இந்த வேலையிலேயே மிகவும் மலிவானது அதுதான், இரண்டு நீளம் பைப்பும் ஒரு முழங்கை இணைப்பும்.

அருவிக்கு ஆயாவின் சமையலறை உதவியது. பம்ப் ஓடாமல் கற்களைக் காயவிட்டு, ஓரங்களில் அரிசி மாவைத் தூவி, பம்பைப் போட்டோம். நீர் போகக் கூடாத இடத்தில் மாவு கருத்து நனைந்து கோடு காட்டியது: முகப்புக் கல்லின் இடது பின்மூலை, அங்கிருந்து பாசிக்கு அடியில் புகுந்து தொட்டிக்கு வெளியே. கல்லைத் தூக்கி, முன்பக்கம் சாயும்படி கலவையில் உட்கார்த்தி, பின்னால் குளத்துக்கான கறுப்பு ஃபோம் அடைத்தோம். மிச்ச மாவை எறும்பும் மறுநாள் வந்த குரங்குக் கூட்டமும் பார்த்துக்கொண்டன.

இப்போது

வால்வை மூடி, பம்ப் ஓடும் நிலையில் மட்டம் நாளுக்கு 6 மி.மீ. இறங்குகிறது, பக்கெட்டில் 4. நடுவிலுள்ள 2 மி.மீ., அதாவது 48 லிட்டர், அருவியில் சிதறியும் ஆவியாகியும் போவது. அதை நிறுத்த வேண்டுமென்றால் அருவியை நிறுத்த வேண்டும், ஆயா சம்மதிக்கவில்லை. பம்ப் நின்ற நிலையில் குளமும் பக்கெட்டும் ஒன்றாகவே இறங்குகின்றன.

மிதவை வால்வைக் கழற்றிவிடலாம் என்பது எங்கள் யோசனை. அதற்கும் சம்மதம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் வெளியூரில், தினமும் குழாயைத் திறந்து மூட ஆளில்லை. ஆகவே வால்வுக்குப் போகும் குழாயில் தனியாக ஒரு சிறு மீட்டர் பொருத்தினோம். பேரன் ஞாயிறுதோறும் எண்ணை எழுதிவைக்கிறான். புரட்டாசி முடிந்து மழை தொடங்கிய வாரங்களில் மீட்டர் ஏறக்குறைய நின்றே இருந்தது, தைப்பூசக் காவடி வாக்கில் கோடை வெயிலில் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். அந்தக் கோடை மழைக்குப் பின் டியூப் லெவல் வைத்துத் தொட்டியின் விளிம்பை மறுபடி பார்த்தோம். 14 மி.மீ.தான், நகரவில்லை.

ஒன்று பாக்கி. குளத்தின் தரைக் கான்கிரீட்டுக்கு அடியில் அடிவடிகால் கிண்ணமும் பைப்பும் சேரும் இணைப்பு இன்னும் பழைய பாணியில், வளையாமல் இருக்கிறது. கேமராவில் நன்றாகவே தெரிந்தது, ஸ்டாண்ட் பைப் சோதனையும் தேறியது. அதற்காகத் தரையை உடைக்க வேண்டியதில்லை. வருடம் ஒருமுறை தொட்டியைக் கழுவும்போது ஸ்டாண்ட் பைப்பைச் செருகி பத்து நிமிடம் பார்த்தால் போதும். என்றாவது இறங்கினால், தொட்டிப் பக்கத்திலிருந்தே உள்ளுக்குள் ஒரு 90 மி.மீ. பைப்பைச் செருகி இடைவெளியை அடைத்துவிடலாம். அதற்கான நீளத்தை அளந்து பேரனின் நோட்டிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.